கண்ணாடிப் பேழையுள் கண்கட்டு வித்தை

மக்கள் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் வியப்பும் ஒன்று. எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் அதனை மருட்கை எனப் பெயரிட்டு, அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கென வரையறுத்தார். முன்பு கண்டறியாத புதிய பொருள், அளவிற் பெரிய பொருள், அளவிற் சிறிய பொருள், ஒன்று மற்றொன்றாக மாறியமைதல் ஆகிய இவை காண்போர் அறிவிற்கு அடங்காது நிற்கும்போது மருட்கை பிறக்கும் என்பது அவர் கருத்து. மேடையில் நின்று மாயவித்தை புரிவோன் கையாளுவனவும் இந்நான்குமே. வெறுங்கையிற் புறாவைத் தோற்றுவித்தலும், சிறு பேழையினின்றும் பெரும் பொருள்களை எடுத்தலும், கைக்குட்டையை மலராக மாற்றுதலும் இவற்றுள் அடங்கும். ஆகவே மாயவித்தை வெறும் பொழுதுபோக்கன்று. மருட்கை என்னும் மெய்ப்பாட்டையே தன் முழுப்பொருளாகக் கொண்ட கலையெனல் தகும்.

தமிழில் இக்கலைக்கு வழங்கும் பெயர்கள் பல. கண்கட்டு வித்தை, சாலவித்தை, இந்திரசாலம் என்பன அவற்றுட் சில. செப்படி வித்தை என்னும் பெயர் சிறப்பாக நோக்கத்தக்கது. செப்பு என்பது சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின்கீழ் உருண்டைகளைத் தோற்றியும் மறைத்தும் காட்டும் ஆட்டம் உலகின் பல நாடுகளிலும் தொன்றுதொட்டு வழங்கிவந்தது. அவ்வாட்டம் தன் கருவியாற் பெயர்பெற்றுப் பின்னர் அக்கலை முழுவதற்குமே அப்பெயரை ஈந்தது. கலைஞன் பெயரையோ செயலின் பெயரையோ கொள்ளாது கருவியின் பெயரையே ஒரு கலை தாங்கி நிற்பது, அக்கலையிற் கருவி பெற்றிருந்த இடத்தைப் புலப்படுத்தும்.

எனினும் செப்பு வேறு, வித்தை வேறு. வித்தைக்காரன் மறைந்தபின் செப்பு எஞ்சுகின்றது, வித்தை எஞ்சுவதில்லை. ஓவியன் மறைந்தாலும் ஓவியம் நிற்கும். இசையும் நாடகமும் நிகழ்த்துவோரோடு முடிவனவாயினும் அவற்றின் சுரமும் ஏடும் பின்வருவோர்க்குக் கிடைக்கும். மாயவித்தைக்காரனோ தன் கலையின் இலக்கணத்தை மறைத்து வைப்பதையே தன் முதற் கடமையாகக் கொண்டவன். எனவே, பழைய மாயவித்தைக் கருவிகளையும் நினைவுப் பொருள்களையும் திரட்டிப் பொதுமக்கள் காணக் காட்சிக்கு வைப்போர் அடிப்படையானதொரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றனர். காட்டுதல் காட்சிச் சாலையின் தொழில்; மறைத்தல் மாயவித்தையின் தொழில். இவ்விரண்டும் ஓரிடத்து எங்ஙனம் இணங்கும்?

இவ்வினாவுக்கு மேனாட்டார் அண்மைக் காலத்தில் மூன்று வகையாக விடையிறுத்துள்ளனர். பிரான்சு நாட்டின் புளுவா நகரில் 1998ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மாயவித்தை இல்லம் ஒன்று. நியூயோர்க் வரலாற்றுக் கழகத்தில் 2018ஆம் ஆண்டுக் கோடையில் நடைபெற்ற காட்சி மற்றொன்று. இலண்டன் வெல்கம் காட்சிச் சாலையில் 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் செப்ரெம்பர் வரை நடைபெற்ற காட்சி மூன்றாவது. முதலாவது கலைஞன் ஒருவனை நடுவாகக் கொண்டது. இரண்டாவது கருவிகளை நடுவாகக் கொண்டது. மூன்றாவது காண்போன் மனத்தை நடுவாகக் கொண்டது. இவை ஒவ்வொன்றும் எதை ஈட்டியது, எதை இழந்தது என ஆராய்தல் பயனுடைத்து.

புளுவா நகர் மாயவித்தைக்குரிய ஊராகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் அவ்வூரிற் பிறந்த றொபேர் ஹூடின் என்பார். 1805ஆம் ஆண்டிலே கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவரின் இயற்பெயர் யோன் இயூசென் றொபேர். மணஞ்செய்தபின் மனைவியின் குடிப்பெயராகிய ஹூடின் என்பதனையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். கடிகாரக் கலை பற்றிய நூல் வேண்டிக் கடைக்குச் சென்ற தமக்குக் கடைக்காரர் தவறுதலாக வித்தைகள் பற்றிய நூலைக் கொடுத்துவிட்டார் என்றும், அத்தவறே தம் வாழ்வின் போக்கை மாற்றியது என்றும் தம் வரலாற்றிற் கூறியுள்ளார். 1845ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பரிஸ் நகரத்துப் பலே றொயால் பகுதியிற் சிறியதொரு நாடகசாலையைத் திறந்தார். அக்காலத்து வித்தைக்காரர் பலர் நிலந்தொடும் துணிகளால் மூடிய மேசைகளும் பளபளக்கும் உலோகக் கருவிகளும் நிறைந்த மேடையில் நின்றனர். இவரோ பெருந்துணிகளை நீக்கி, மாலை விருந்துக்குச் செல்லும் கனவானைப் போல உடுத்து, ஒளி நிறைந்த கூடத்தில் நின்று வித்தை புரிந்தார். மறைவிடம் குறையக் குறைய மருட்கை மிகும் என்னும் உண்மையை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அவரின் அரும்பொருள்களுள் மாயக் கடிகாரம் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. தெளிந்த கண்ணாடித் தட்டின் நடுவே முட்கள் சுழலும். அவற்றை இயக்கும் பொறி எதுவும் தட்டிற் காணப்படாது. இது மேடைக்குரிய கருவியன்று. வீட்டில் வைத்துப் பார்த்தற்குரியது. எனினும் அவரின் கலைக் கொள்கை முழுவதும் அச்சிறு பொருளினுள் அடங்கியுள்ளது. பொறியின் நுட்பமும் அந்நுட்பத்தை மறைக்கும் நுட்பமும் ஒருங்கே அமைந்த பொருள் அது. மாயவித்தைக் காட்சிச் சாலையொன்றிற் பேழையுள் வைத்தாலும் உயிர் குன்றாத பொருள் இதுவே எனலாம். ஏனெனில், கலைஞன் அருகில் இல்லாதபோதும் இது தன் வித்தையைத் தானே செய்துகொண்டிருக்கும்.

ஏனைய கருவிகளின் நிலை அத்தகையதன்று. புளுவா இல்லத்தை அமைத்தோர் இதனை உணர்ந்தே அவ்வில்லத்தினுள் நாடக அரங்கொன்றையும் அமைத்தனர். அரச மாளிகைக்கு எதிரே நிற்கும் அப்பழைய மனையின் பலகணிகளினின்றும் குறித்த வேளைகளில் ஆறு தலைகளையுடைய பொன்னிற நாகம் வெளிப்பட்டு வழிப்போக்கரை அழைக்கும். உள்ளே கருவிகளையும் படங்களையும் கண்டோர் பின்னர் அரங்கிற் சென்று இக்காலக் கலைஞர் நிகழ்த்தும் வித்தைகளைக் காண்பர். பேழையிற் கண்ட பொருள் எதற்காக ஆக்கப்பட்டதோ அதனை அரங்கிற் கண்கூடாகக் காணும் வாய்ப்பு அங்குக் கிடைக்கின்றது. வீணையைப் பேழையுள் வைத்த காட்சிச் சாலையிலேயே வீணைக் கச்சேரியும் நிகழ்வதை இது ஒக்கும். காட்டுதலும் மறைத்தலும் பற்றிய முரண்பாட்டுக்கு இதுவரை கிடைத்த விடைகளுட் சிறந்தது இதுவேயாம்.

ஆயினும் கலைஞன் ஒருவனை நடுவாகக் கொள்ளும் காட்சிக்கு உரிய குறையொன்றுண்டு. போற்றுதல் மிகுந்த இடத்தில் ஆராய்தல் குன்றும். றொபேர் ஹூடினின் புகழ்பெற்ற கருவிகளுள் ஒன்று, எளிதாகவும் தூக்குதற்கு அரிதாகவும் மாறும் பெட்டி. மின்காந்தத்தின் ஆற்றலால் இயங்கிய இப்பெட்டியைப் பரிஸ் நகரத்து மக்கள் கண்டு வியந்து மகிழ்ந்தனர். 1856ஆம் ஆண்டிலே பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பிற்று. அந்நாட்டு மக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த மராபூ என்னும் சமயத் தலைவர்களின் ஆற்றலைவிடப் பிரெஞ்சுக்காரரின் ஆற்றல் பெரிது எனக் காட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். அங்கே வலிமை மிக்க ஒருவரை மேடைக்கு அழைத்து, அவரின் வலிமையைத் தாம் கவர்ந்துவிட்டதாகக் கூறி, அப்பெட்டியைத் தூக்கச் செய்தார். தூக்க முயன்றவர் இயலாது தவித்தார். கைப்பிடி வழியே பாய்ந்த மின்சாரத்தாலும் தாக்குண்டார்.

ஒரே பெட்டி, ஒரே மின்காந்தம். எனினும் பரிசில் நடந்தது கலை. அல்ஜீரியாவில் நடந்தது அரசியல். முன்னதிற் காண்போர் தாம் மயக்கப்படுவதை அறிந்து, இசைந்து, பொருள் கொடுத்து வந்தனர். பின்னதிற் காண்போரை அச்சுறுத்துவதே கருத்தாயிற்று. மாயவித்தை கலையாவதும் வஞ்சனையாவதும் கருவியைப் பொறுத்ததன்று. காண்போரின் இசைவைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டைப் பெட்டி தானே சொல்லாது. காட்சிச் சாலையே சொல்லவேண்டும். றொபேர் ஹூடினைப் போற்றும் எவ்விடத்தும் அல்ஜீரிய நிகழ்ச்சியை வீரச்செயலாகவோ வேடிக்கைக் கதையாகவோ சொல்லி அமையாது, அதன் முழுப்பொருளோடும் எடுத்துரைத்தல் கடன்.

நியூயோர்க் காட்சி வேறு நெறிப்பட்டது. டேவிட் கொப்பர்ஃபீல்ட் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் பல்லாண்டாகத் திரட்டிய பொருள்களுட் சில அங்கு வைக்கப்பட்டன. அவற்றுள் மக்களின் கண்ணை முதலிற் கவர்ந்தவை ஹரி ஹூடினியின் பொருள்கள். 1874ஆம் ஆண்டிலே புடாபெஸ்ற் நகரிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஏரிக் வைஸ் என்பவர், றொபேர் ஹூடின்மீது கொண்ட மதிப்பால் அப்பெயரின் ஈற்றில் ஓரெழுத்தைச் சேர்த்துத் தமக்குரியதாக்கிக் கொண்டார். பின்னர் 1908ஆம் ஆண்டில் அப்பெரியாரையே தாக்கி நூலொன்று எழுதினார் என்பது கலை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அதே 1908ஆம் ஆண்டிலே ஹூடினி மேடைக்குக் கொணர்ந்தது நீர் நிறைந்த பாற்கலம். ஆள் ஒருவன் முடங்கி உட்காரத்தக்க அவ்விரும்புக் கலத்தில் நீரை நிரப்பி, அதனுள் இறங்கி, மூடியைப் பூட்டச் செய்து, திரைக்குப் பின்னே அதனின்றும் வெளிப்படுவார். அக்கலம் பேழையுள் நிற்கும்போது அதன் சிறுமையே முதலிற் புலப்படும். படத்திலும் நூலிலும் கண்டவர் பெருங்கலமென எண்ணியிருப்பர். நேரிற் காண்போர் அதனுள் ஒரு மனிதவுடல் எவ்வாறு அடங்கிற்று எனத் தம் உடலோடு ஒப்பிட்டு அறிவர். கலத்தினுள் இறங்குமுன் ஹூடினி அவையோரையும் தம்மோடு மூச்சையடக்கிப் பார்க்குமாறு வேண்டுவது வழக்கம். ஒருவர்பின் ஒருவராக அவையோர் மூச்சுவிட்டுத் தோற்றபின்னும் அவர் வெளிப்படாதிருப்பார். ஆகவே அவ்வித்தையின் செம்பாதி கலத்தில் நிகழ்ந்ததன்று; அவையோர் நெஞ்சில் நிகழ்ந்தது. இச்செய்தியை அறியாதவனுக்கு அது பழைய இரும்புக் கலமே. அறிந்தவனுக்கு அச்சமும் நம்பிக்கையும் நிறைந்த அவை முழுவதும் அதனைச் சூழ்ந்து நிற்கும். இதனாற் பெறப்படுவது யாது? கருவியைக் காட்டுவோர் அதன் செய்முறையைச் சொல்லாது விடலாம். அது நிகழ்ந்த சூழலைச் சொல்லாது விடலாகாது.

கருவி அழிந்தபின் கலைஞரின் நினைவு யாதாகும் என்பதற்கு அடிலேட் ஹேர்மன் என்னும் அம்மையாரின் வரலாறு சான்று. 1853ஆம் ஆண்டிலே இலண்டனிற் பிறந்த இவர், அலெக்சாண்டர் ஹேர்மன் என்னும் வித்தைக்காரரின் மனைவியும் துணைவியுமாக மேடையேறினார். 1896ஆம் ஆண்டிற் கணவர் இறந்தபின் மேடையை விட்டு ஒதுங்கவில்லை. தாமே தலைமை வித்தைக்காரராகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடெங்கும் சென்று வித்தை புரிந்தார். 1926ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் ஏற்பட்ட தீயில் அவரின் கருவிகளும் அவர் வளர்த்த விலங்குகளும் அழிந்தன. அவர் எழுதிவைத்த தன்வரலாறு, அவர் மறைந்து எண்பது ஆண்டுகள் கழிந்தபின், 2012ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. பொருள்களை மட்டும் நம்பும் காட்சி இத்தகையோரை மறந்துவிடும் இயல்பினது. எஞ்சிய பொருளுக்கே பேழை கிடைக்கும். எரிந்த பொருளுக்குரியவர் பெயரை எழுதிவைக்க ஏடு வேண்டும்.

பெண்டிரின் பங்கு மறைந்து நிற்பதற்குப் பிறிதொரு சான்று, பெண்ணொருத்தியை இரண்டாக அறுத்துக் காட்டும் வித்தை. இதனை 1921ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனிற் பொதுமக்கள்முன் முதன்முதல் நிகழ்த்தியவர் செல்பிற் என்பார். அன்றுதொட்டு அவ்வித்தையின் புகழ் முழுவதும் அரத்தைப் பிடித்தவருக்கே சென்றது. பெட்டியினுட் கிடந்தவளின் பெயர் விளம்பரத் தாள்களில் அருகியே காணப்படும். ஆனால், மேடை வித்தைகள் பலவற்றிற் பெட்டிக்குள் இருப்பவரின் உடற்பயிற்சியும், காலந்தவறாமையும், அச்சமின்மையும் இல்லையேல் வெளியே நிற்பவரின் கையசைவு வீணாகும். வித்தைக்காரன் மறைக்கவேண்டியது மறையை. துணை நின்றோரின் உழைப்பையன்று. மறையை வெளியிடாமலே அவ்வுழைப்புக்கு உரிய பெயரைப் பொறித்தல் காட்சிச் சாலைக்கு எளிதிற் கூடும்.

இனி, இலண்டன் காட்சியை நோக்குவோம். அது மருத்துவத்தையும் மனித வாழ்வையும் பொருளாகக் கொண்ட காட்சிச் சாலையில் நிகழ்ந்தது. ஆவியுலகத் தொடர்பு, கவனத்தைத் திசைதிருப்பல், மனமறிதல் என்னும் மூன்று பொருள்களைப் பற்றி அது அமைந்தது. ரொமி கூப்பர் முதலாய பிரித்தானிய வித்தைக்காரரின் பொருள்களும் அங்கு இடம்பெற்றன. ஆயினும் அக்காட்சி எழுப்பிய வினா கருவியைப் பற்றியதன்று. கண் திறந்திருந்தும் மனிதன் காணாதது ஏன் என்பதே அது. ஒன்றிற் கருத்தைச் செலுத்திய மனம் தன் கண்முன் நிகழும் மற்றொன்றைக் காணாது விடுகின்றது. இது குருடன்று, மடமையுமன்று, மனத்தின் இயல்பு. கற்றோரும் கல்லாதோரும் இதில் ஒரு நிகரே. இவ்வுண்மையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே செப்படி வித்தைக்காரர் தம் பட்டறிவால் அறிந்திருந்தனர். உளவியலார் ஆய்வுக் கூடத்தில் அளந்தறிந்தது அண்மையிலேயே.

இவ்வாறு மனத்தை நடுவாகக் கொண்டமையால், நேர்மையான மயக்கத்துக்கும் நேர்மையற்ற மயக்கத்துக்கும் உள்ள எல்லை இக்காட்சியின் பொருளோடு இயல்பாக இயைந்தது. 1848ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பொக்ஸ் சகோதரிகள் எனப்பட்ட சிறுமியர் இருவர், இறந்தோரின் ஆவிகள் தட்டும் ஒலியால் தம்மோடு உரையாடுவதாகக் காட்டினர். அதனின்றும் பெரியதோர் இயக்கமே வளர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் 1888ஆம் ஆண்டிலே அவருள் ஒருவர், அவ்வொலியைத் தம் கால்விரல் மூட்டுகளால் எழுப்பியதாக நியூயோர்க் அரங்கொன்றிலே பலரறிய ஒப்புக்கொண்டார். அதற்குள் மகனை இழந்த தாயரும் கணவரை இழந்த மனைவியரும் எத்துணையோ பேர் அவ்வழியிற் பொருளையும் அமைதியையும் இழந்தனர். 1924ஆம் ஆண்டிலே மாஜரி எனப்பட்ட பொஸ்டன் நகரத்து அம்மையார் ஆவிகளை வரவழைப்பதாகக் கூறி, ஆராய்ச்சி ஏடொன்று அறிவித்திருந்த பரிசினை வேண்டி நின்றபோது, ஆராய்ச்சிக் குழுவில் இருந்த ஹூடினி அவரை அமர்த்திச் சோதிப்பதற்கென மரப்பெட்டியொன்றைச் செய்வித்தார். பெட்டியினின்றும் தப்புவதற்குப் பேர்பெற்றவர், ஏமாற்று வெளியே தப்பாதிருக்கப் பெட்டி செய்தது பொருத்தமே. மயக்கும் கலையில் வல்லவனே வஞ்சனையைக் கண்டறிதற்கும் வல்லவன்.

இங்கு ஒரு வினா எழும். மாயவித்தையின் மறையை வெளியிடுதல் தகுமா, தகாதா? 1584ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் றெஜினல்ட் ஸ்கொற் என்பார் எழுதிய நூலிற் செப்பும் உருண்டையும் முதலாய வித்தைகளின் மறைகள் விளக்கப்பட்டன. சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்று ஏழை எளியோர் கொல்லப்பட்ட காலம் அது. வியத்தகு செயல் யாவும் பேயின் செயலன்று எனக் காட்டுதற்காகவே அவர் அம்மறைகளை வெளியிட்டார். றொபேர் ஹூடினும் தம் முதுமையில், 1868ஆம் ஆண்டிலே, கலையைக் கற்போர்க்காக நூலெழுதினார். ஸ்கொற் உயிர்களைக் காத்தற்பொருட்டு வெளியிட்டார்; ஹூடின் கலையைக் காத்தற்பொருட்டு வெளியிட்டார். இவ்விரு நோக்கமுமின்றி, வேடிக்கை பார்க்க வந்தோரின் ஆவலைத் தணித்தற்கென மறையை அம்பலமாக்குதல் பயனற்றது. மறையை அறிந்தவன் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவான். நூலும் கண்ணாடியும் சிறு கொக்கியுமே அங்கிருப்பன. மறை எளிது, அதனை வித்தையாக்கும் கையும் சொல்லும் காலமுமே அரியன. ஆகவே வஞ்சனைக்குரிய கருவியைத் திறந்து காட்டுதலும், கலைக்குரிய கருவியை மூடிக் காட்டுதலும் காட்சிச் சாலையார் கொள்ளத்தக்க நெறியாகும்.

மூவகைக் காட்சிகளையும் ஒருங்கு நோக்கும்போது, பொதுவானதொரு வெறுமை புலப்படும். இந்நூற்றாண்டிற் காட்சிக்கு வைக்கப்படும் பழைய மாயவித்தைப் பொருள்களுட் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளுக்குரியவை. ஆனால் அம்மேடைகளின் விளம்பரத் தாள்களிலோ கீழைத்தேயம் நிறைந்திருக்கும். தலைப்பாகை, யோகி, பாம்பு, கோயிற் கோபுரம் என்பன மேனாட்டு வித்தைக்காரருக்கு மருட்கையின் அணிகலன்களாயின. சுங் லிங் சூ என்னும் சீனப் பெயருடன் புகழ்பெற்றவர் உண்மையில் வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கரே. சிங் லிங் பூ என்னும் மெய்யான சீனக் கலைஞரைப் பார்த்தே அவர் அவ்வேடம் புனைந்தார். மேடையில் ஆங்கிலம் பேசாத அவர், 1918ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தையின்போது உண்மையாகவே சுடப்பட்ட கணத்திலேதான் அவையறிய ஆங்கிலத்திற் கூவினார். மறுநாள் உயிர்நீத்தார். வேடம் கலைந்த அக்கணம் அவர் வாழ்வின் இறுதியாயிற்று.

அணிகலனாகக் கொள்ளப்பட்ட கீழைத்தேயத்துக்கு மெய்யான கலைஞர் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மக்களை வியப்பிலாழ்த்திய இந்திய வித்தைக்காரருள் இராமோ சாமி என ஆங்கிலேயர் எழுதிய ஒருவர் புகழ் வாய்ந்தவர். இராமசாமி என்பதன் திரிபே அஃதென்பது வெளிப்படை. செப்பும் உருண்டையும் கொண்டு ஆடுதலிலும் வாளை விழுங்குதலிலும் அவர் வல்லவர். இந்திய வித்தைக்காரரின் கைத்திறனைக் கண்டு ஆங்கிலக் கட்டுரையாசிரியராகிய ஹஸ்லிற் 1821ஆம் ஆண்டில் வெளியான தம் நூலிற் சிறந்ததொரு கட்டுரையே வரைந்தார். தாம் எழுதும் எழுத்தில் அத்துணைப் பிழையின்மை கைகூடுமோ என நாணும் வகையில் அவர் உள்ளம் அத்திறனால் தாக்குண்டது. அத்தகு புகழ்பெற்ற இராமோ சாமி 1850ஆம் ஆண்டில் இலண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்கும் பொருளின்றி அவர் மனைவி பிறர் உதவியை வேண்ட நேர்ந்தது.

அவ்வாறே, 1830ஆம் ஆண்டளவில் சென்னையிலே முதியவர் ஒருவர், ஊன்றுகோலொன்றின்மீது ஒரு கையை மட்டும் வைத்து, நிலத்தினின்றும் உயர்ந்து சம்மணமிட்டு அமர்ந்து காட்டினார். ஆங்கில ஏடுகள் அவரைச் சேஷால் எனக் குறித்தன. அவர் அமர்ந்த காட்சி படமாகவும் அச்சேறி ஐரோப்பாவிற் பரவிற்று. 1847ஆம் ஆண்டிலே றொபேர் ஹூடின் தம் மகனைக் கோலொன்றின் துணையால் வானிற் கிடத்திக் காட்டிப் பெரும்புகழ் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலே மருத்துவர் கையாளத் தொடங்கிய ஈதர் என்னும் மயக்க மருந்தே அவ்வுடலை எடையற்றதாக்கிற்று எனக் காண்போர் எண்ணுமாறு செய்தார். முன்னதினின்றே பின்னது பிறந்தது என அறுதியிடுதல் எளிதன்று. ஆயினும் சென்னைச் செய்தி ஐரோப்பாவிற் பரவிப் பல்லாண்டு கழிந்தபின்னரே பரிஸ் வித்தை எழுந்தது என்பதில் ஐயமில்லை. பரிஸ் வித்தைக்குப் பேழையும் விளக்கவுரையும் கிடைத்துள்ளன. சென்னை முதியவரின் உண்மைப் பெயரே தெளிவாக எஞ்சவில்லை.

இந்தியக் கயிற்று வித்தை என உலகம் பேசியதன் வரலாறு இதற்கு மறுதலையானது. 1890ஆம் ஆண்டிலே சிக்காகோ நாளேடொன்று, இந்தியாவில் வித்தைக்காரன் எறிந்த கயிறு வானில் நிமிர்ந்து நிற்க, சிறுவன் அதன்மீதேறி மறைந்தான் எனக் கண்டோர் கூறுவதாகக் கதையொன்றை வெளியிட்டது. சில மாதங்களுக்குப்பின் அது புனைந்துரையே என அவ்வேடே ஒப்புக்கொண்டது. ஒப்புதலை எவரும் பொருட்படுத்தவில்லை. கதை உலகெங்கும் பரவிற்று. 1934ஆம் ஆண்டிலே இலண்டன் மாயவித்தைக்காரர் கழகத்தார் அவ்வித்தையைச் செய்து காட்டுவோர்க்கு 500 கினி பரிசளிப்பதாக அறிவித்தனர். பரிசைப் பெற்றார் எவருமிலர். ஆயின், கயிற்றின்மீது ஏறும் மாயக்காரன் பற்றிய எண்ணம் இந்திய நூல்களுக்குப் புதிதன்று. பிரமசூத்திர உரையிலே சங்கரர், வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றின்வழி வானேறுவதாகத் தோன்றும் மாயக்காரன் வேறு, நிலத்திலேயே நிற்கும் உண்மை மாயக்காரன் வேறு என உவமை கூறினார். தத்துவ நூலில் உவமையாய் நின்றது நாளேட்டிற் செய்தியாய் மாறியபோது, தோற்றத்தையும் உண்மையையும் பிரித்தறியக் கற்பித்த அவ்வுவமையின் பயனே தலைகீழாயிற்று. இல்லாத வித்தைக்கு இந்தியாவின் பெயரும், இருந்த வித்தைக்குப் பெயரின்மையும் கிடைத்தமை வருந்தத்தக்கது.

இவ்வெறுமைக்குக் காட்சியமைப்போரை மட்டும் குறைகூறல் நேர்மையன்று. தெருவில் நின்று வித்தை காட்டியவனின் கருவிகள் மரச்செப்பும், துணிப்பையும், பிரம்புக் கூடையுமாம். தேயும்வரை பயன்பட்டுத் தேய்ந்தபின் எறியப்பட்டவற்றை யார் திரட்டுவர்? விளம்பரத் தாள் அச்சிடுதற்கும் அவனிடம் பொருளில்லை. வங்கத்திற் பிறந்த பி. சி. சர்க்கார் போன்ற சிலரே தம் பெயராலேயே உலக மேடைகளில் நின்றனர். 1956ஆம் ஆண்டு ஏப்பிரலில் பிரித்தானியத் தொலைக்காட்சியிலே அவர் இளம்பெண் ஒருவரை அறுத்துக் காட்டியபோது, அப்பெண் எழுமுன்னரே நிகழ்ச்சி முடிந்துவிடக் கண்டோர் அஞ்சித் தொலைபேசிகளை நாடினர். மறுநாள் செய்தித்தாள்களெல்லாம் அவரையே பேசின. அத்தகைய ஆற்றலும் வாய்ப்பும் எல்லார்க்கும் வாய்த்தில. பொருள் இல்லாத இடத்தில் வரலாற்றைச் சொல்லால் நிரப்புதல் வேண்டும். வெற்றுப் பேழையொன்றை வைத்து, அதன்கீழே பெயர் தெரிந்தோரின் பெயரையும் பெயர் தெரியாதோரின் செயலையும் எழுதினால், அது பொன்னால் அமைந்த கருவியினும் மேலான காட்சியாகும்.

ஆகவே, மாயவித்தைக் காட்சியொன்றின் தரத்தை அளத்தற்கு அளவுகோல்கள் மூன்று கொள்ளலாம். கருவி நிகழ்ந்த சூழலைக் காண்போர் உள்ளத்தில் மீண்டும் எழுப்புகின்றதா என்பது ஒன்று. கலையாகிய மயக்கத்தையும் வஞ்சனையாகிய மயக்கத்தையும் பிரித்துக் காட்டுகின்றதா என்பது மற்றொன்று. மேடையில் ஒளிபெற்றவரோடு ஒளிபெறாதவரையும் நினைவூட்டுகின்றதா என்பது பிறிதொன்று. முதலாவதிற் புளுவா இல்லம் சிறந்து நிற்கின்றது. இரண்டாவதில் இலண்டன் காட்சி சிறந்து நிற்கின்றது. மூன்றாவதில் இனிச் செய்யவேண்டிய பணியே மிகுதி.

மாயவித்தைக்காரனின் கலை, அவை விரும்பித் தன் அறிவைச் சிறிது நேரம் அவனிடம் ஒப்படைத்தலால் அமைவது. வித்தை முடிந்ததும் அவ்வறிவை அவன் பழுதின்றித் திருப்பித் தருகின்றான். முன்னிலும் விழிப்புடையதாக்கியே தருகின்றான். காட்சிச் சாலையும் அவ்வாறே செய்தல் வேண்டும். உள்ளே செல்வோன் மருட்கையோடு செல்லட்டும். வெளியே வருவோன், தான் எதைக் கண்டான் என்பதோடு, எதைக் காணாது விட்டான் என்பதையும் எண்ணி வரட்டும்.